அத்தைக்கு வந்த கல்யாணச் சாப்பாடு

படப்பைக்குப் பக்கத்தில் உள்ள மனவளர்ச்சி குன்றியோர் இல்லம் ஒன்று தன் வரலாற்றைச் சின்னப் புத்தகமாகப் போட்டிருக்கிறது. மூடிக் கிடந்த கோழிப்பண்ணையில் தொடங்கியது, கீற்றை எடுத்துவிட்டு ஓடு போட்டது, கார் கம்பெனிகள் வந்து நிலம் விலை ஏறியதும் இடம் மாறியது, எல்லாம் அதில் இருக்கிறது. சாப்பாடு போட்ட புண்ணியவான்களின் பெயர்கள் மட்டுமே நான்கு பக்கம். என் அக்காவின் மாமனார் முதல் பக்கத்திலேயே இருக்கிறார். அங்கே வாழ்ந்தவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கோழிப்பண்ணையில் என் அத்தை இருந்தாள். அப்பாவின் தங்கை. முப்பது வயதாகியும் புத்தி ஆறேழு வயதிலேயே நின்றுவிட்டது என்பார்கள். எனக்குத் தலை வாரிவிட்டு, வடக்குப்பட்டுப் பள்ளிக்கூடம் வரை கைபிடித்துக் கூட்டிப்போன புத்தி அது. 1991இல் அக்காவுக்கு வரன் வந்தது. வீட்டில் இப்படி ஒருத்தி இருப்பது தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று பெரியவர்கள் பயந்தார்கள். பெண் பார்க்க வருவதற்கு முந்தின வாரமே அத்தையை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். கல்யாணத்துக்கு வந்து கூட்டிப்போகிறேன் என்று என் தலையில் கைவைத்துத்தான் அப்பா அவளிடம் சத்தியம் செய்தார்.

ஆவணியில் படப்பை மண்டபத்தில் கல்யாணம். எங்கள் ஆட்கள் ஜம்பத்துக்கு இருநூறு இலை கூடுதலாகச் சமைத்துவிட்டார்கள். மத்தியானப் பந்தி முடிந்தும் அண்டா அண்டாவாகச் சோறு கிடந்தது. மிஞ்சியதை ஆதரவில்லாதவர்களுக்கு அனுப்பினால் மணமக்களுக்கு நல்லது என்றார் அக்காவின் மாமனார். வருகிற வழியில் ஓர் இல்லத்தின் போர்டைப் பார்த்ததாகவும் சொன்னார். அப்பா தரையைப் பார்த்தார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அது அத்தை இருந்த இல்லம்; வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

அம்மாவின் தம்பியான மாமா சோற்று அண்டாக்களோடு வேனில் ஏறினார். அத்தையைப் பார்க்க வேண்டும் என்று நானும் தொற்றிக்கொண்டேன்.

"பாரு, அங்க வந்து அத்தைன்னு கூப்டாத. டிரைவர் மாப்ள வூட்டு ஆளு," என்றார் மாமா.

எனக்கு ஒன்பது வயது. பெரியவர்களின் ரகசியத்தில் பங்கு கிடைத்த பெருமையோடு தலையாட்டினேன்.

அத்தையின் நீளக் கூந்தலை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பேன் பிடிக்குமாம். எல்லோரும் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சாம்பார் சாதத்தில் கைவைத்த அத்தை என்னைப் பார்த்தாள். என் பட்டுப்பாவாடையைப் பார்த்தாள், கை மருதாணியைப் பார்த்தாள், தட்டில் விழுந்த ஜாங்கிரியைப் பார்த்தாள். புத்தி இல்லாதவளுக்கு விஷயம் விளங்க ஒரு வாய்ச் சோறு விழுங்கும் நேரம்கூட ஆகவில்லை.

"பெரிய பாப்பாக்குக் கல்யாணமா? என்ன இட்டுகினு போவத்தான வந்தீங்க?"

சொல்லிவிட்டு, ஜாங்கிரியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடி ஒரு மஞ்சள் பையோடு வந்தாள். வந்த நாளிலிருந்து அதை அவிழ்க்கவே இல்லை என்றார் அங்கிருந்த ஆயா. அத்தை நேராக வேனில் ஏறி, காலி அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். ஆயா இழுத்தார், மாமா அதட்டினார். கம்பியைப் பிடித்த கையை அவள் விடவில்லை. யார் இந்தம்மா என்று டிரைவர் கேட்டார். அவள் கூடப் பிறந்தவன் வீட்டுக் கல்யாணத்தில் மிஞ்சியதைத் தின்னக் கொடுத்துவிட்டு, தனக்குத் தெரியாது என்றார் மாமா.

நான் ஏறி அவள் காதோடு சொன்னேன்.

"கல்யாணம் அடுத்த வாரம், அத்த. இது வேற யாரு வூட்டுதோ. நானே வந்து உன்ன இட்டுகினு போறேன்."

அத்தை என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். கையில் வைத்திருந்த ஜாங்கிரியை என்னிடம் கொடுத்தாள். பிறகு, யாரும் இழுக்காமலே இறங்கிப் போய்த் தட்டின்முன் உட்கார்ந்தாள்.

திரும்பும் வழியில் மாமா எனக்குக் கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். மண்டபத்தில் அப்பாவைத் தனியே கூப்பிட்டு என் சாமர்த்தியத்தைச் சொன்னார். அப்பா என் முதுகைத் தட்டினார். ஜாங்கிரியை நான் வேனிலேயே தின்று முடித்திருந்தேன்.

கெட்டிக்காரத்தனமாகப் பேசித்தான் அத்தையை இறக்கினேன் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லாத ஆள் என்று அவள் என் ஒருத்தியைத்தான் மிச்சம் வைத்திருந்தாள் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் யாரும் அங்கே போகவில்லை. போகலாம் என்று நானும் கேட்கவில்லை.