தராசு முள்ளைப் பார்த்து நின்ற மகள்

கத்தாரில் கணவரின் வேலை முடிந்ததும், இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில், மாமனாரின் வீட்டுக்குக் குடிவந்தோம். எங்கள் எட்டு வயது மகள் கவிக்கு ஆட்டிசம். அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, “வெளிநாட்டுல வளந்த புள்ள, தமிழ் வராது” என்று சமாளித்தேன். லயமே அதை நம்பி அவளிடம் இங்கிலீஷ் பேச ஆரம்பித்தது.

ஒரு நாள் சாயங்காலம் கவியைக் காணோம். எல்லோரும் தேயிலைக்குள் இறங்கி, “கவி, கம்! கம்!” என்று கத்தித் தேடினார்கள். சத்தம் கேட்டால் அவள் இன்னும் ஒளிந்துகொள்வாள். பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவிடம் அழுதபடியே உண்மையைச் சொன்னேன்.

“அப்ப கத்தாம தேடுவோம். அவளுக்கு என்னா புடிக்கும்?”

“ஆடுற, சுத்துற சாமான் எதுன்னாலும் புடிக்கும்க்கா.”

“வா, மடுவத்துக்குப் போவோம்.”

கொழுந்து நிறுக்கும் அந்த மடுவத்தில், சாக்குகளுக்குப் பின்னால் நின்று, தராசு முள் ஆடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள் கவி. நிறுக்கிறவர், யாரோ கூட்டி வந்த பிள்ளை என்று நினைத்து விட்டுவிட்டாராம்.

“மொதல்லயே சொல்லியிருந்தா, எங்களுக்கு இந்த இங்கிலீஷ் கஷ்டம் வந்திருக்காதே!” என்றார் அக்கா.

இப்போது தினமும் தராசுக்குப் பக்கத்தில் கவிக்கு ஓர் இடம் உண்டு. கணவருக்குப் புது வேலை கிடைத்து, அடுத்த மாதம் மலேசியா போகிறோம். அங்கே பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, கவியைப் பற்றிச் சொல்லிவிடுவேன்.