வச்சலா ஏற்றிய பட்டியல்

இப்படியும் ஒரு அநியாயம் நடக்குமா?

வச்சலா கடப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பெண். பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு ஒரே வருஷத்தில் தொழில் கற்றுக்கொடுக்கும் எங்கள் சமுதாயக் கல்லூரியில், நோயாளிகளைப் பராமரிக்கும் படிப்புக்கு அவர்தான் ஆசிரியை. நான் காசிநாதன், அங்கே எழுத்தர்.

இரண்டாயிரத்து ஆறில் ஏழு கல்லூரிகள் சேர்ந்து மாநிலப் பேரவை தொடங்கின; போகப்போக மற்ற ஊர்க் கல்லூரிகளும் சேர்ந்துகொண்டன. கேட்டது ஒன்றுதான்: எங்கள் சான்றிதழ் அரசு வேலைக்குச் செல்லுபடியாக வேண்டும். செயலாளர் பொறுப்பை வச்சலாவின் தலையில் கட்டினார்கள். மனுவும் கையுமாகப் பதினெட்டு வருஷம் கோட்டைக்கு நடையாய் நடந்தார் மனுஷி. பேரவை அலுவலகம் எங்கள் கல்லூரியில்தான். கூட்டம் நடந்தால் வெளியூர்க்காரர்கள் சாப்பிட்ட பிறகுதான் நாங்கள் உட்காருவோம். எதிலும் அவர்களுக்கே முதலிடம்.

போன வருஷம் ஒருவழியாக அரசு இறங்கி வந்தது. கல்லூரிகள் இணையத்தில் விண்ணப்பித்தால் அங்கீகாரம் என்றார்கள். எங்கள் மாணவி பானுமதி அதை நம்பிக் கோவளத்து ரிசார்ட் வேலையை விட்டாள். அரசு மருத்துவமனை வேலைக்கு அவளுக்கு வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது.

எல்லாக் கல்லூரிகளின் காகிதங்களையும் வச்சலா ஒருவரே உட்கார்ந்து இணையத்தில் ஏற்றினார். "நம்மளுது?" என்று கேட்டேன்.

"மொதப் பக்கத்துல பேரவை விலாசம்னு நம்ம காலேஜ் பேரத்தான போட்டுக்கீறேன். கல்யாண வூட்டுக்காரங்களுக்கே யாராவது பத்திரிகை வெப்பாங்களா, காசி?" என்று சிரித்தார்.

நானும் மண்டையை ஆட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை ஆணை வந்தது. அறுபத்திரண்டு கல்லூரிகள். மூன்று தரம் படித்தோம், எங்கள் பெயர் இல்லை. அரசு அலுவலகத்துக்குப் போன் போட்டால், உங்கள் கல்லூரிக்கென்று தனி விண்ணப்பம் வரவில்லை, இனி மூன்று வருஷம் கழித்துத்தான் விண்ணப்பிக்க முடியும் என்றார்கள். வச்சலா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அன்றைக்கே பானுமதியின் வீட்டுக்குப் போனோம். வச்சலா சுற்றி வளைக்கவில்லை.

"என் தப்பு, பானு. நம்ம காலேஜு லிஸ்ட்ல இல்ல."

பானுமதி அழவில்லை.

"ஊருல கீற காலேஜுக்கெல்லாம் நீங்க போய் நின்னீங்க. எங்களுக்கு யாரு மிஸ் போய் நிக்கிறது?"