சாவி மட்டும் ஏன் பெண்?

பச்சை மையில் எழுதியதற்காகவோ, வகுப்பில் கேள்வி கேட்டதற்காகவோ இன்றுவரை நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. மார்க் அள்ளலாம் என்று எவரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார், இரண்டாம் மொழியாக என் தலையில் பிரெஞ்சைக் கட்டிவிட்டார்கள்.

அந்த வருடம்தான் சித்தி, புருஷன் வீடே வேண்டாம் என்று இரண்டு பெட்டியோடு லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கல்லூரியில் படித்த பிரெஞ்சை வைத்து முன்னறையில் ட்யூஷன் ஆரம்பித்தாள். என்னையும் சேர்த்து ஏழு பிள்ளைகள். இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டால் தனியாக வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவேன், யார் தயவும் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். சாப்பாட்டுத் தட்டை வைக்கும் சத்தத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

சித்தியின் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. ஆண்பால் சொல்லை நீல மையில் எழுத வேண்டும், பெண்பால் சொல்லைச் சிவப்பில். உயிரில்லாத சாமானுக்குக்கூட அந்த மொழியில் ஆண், பெண் உண்டு. பூட்டு ஆணாம், சாவி பெண்ணாம். சோபா ஆணாம், நாற்காலி பெண்ணாம். எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து பிரித்தானோ! காரணம் கேட்டால் சித்தி, "ஏன்னு கேக்காதடி, பைஹார்ட் பண்ணு" என்பாள். காரணம் சொல்கிற வரைக்கும் பச்சைதான் என்று நோட்டு முழுக்கப் பச்சையிலேயே எழுதித் தள்ளினேன்.

ஒரு சனிக்கிழமை காக்ஸ் டவுனிலிருந்து ஓர் அம்மாள் தன் இரட்டைப் பிள்ளைகளைச் சேர்க்க வந்தார். முதலில் வகுப்பைப் பார்க்கிறேன் என்று ஓரமாக உட்கார்ந்தார். நேரம் பார்த்து நான் எழுந்து நின்றேன்.

"சாவி மட்டும் ஏன் பொண்ணு?"

"அடுத்த கிளாஸ்ல சொல்றேன், உக்காரு."

"போன வாரமும் இதையேதான் சொன்ன, சித்தி. உனக்கே தெரியாதுன்னு சொல்லிடேன்!"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். சித்தி புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். "யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்று இரட்டையரைக் கூட்டிக்கொண்டு போன அந்த அம்மாள் திரும்பி வரவேயில்லை.

வகுப்பு முடிந்ததும் அம்மா கரண்டியோடு வந்தாள். "பாவி, கெடுத்தியே! சித்திகிட்ட மன்னிப்புக் கேளுடி!"

முடியாது என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லச் சொன்னது தப்பா? முதுகில் ஒன்று விழுந்தது. அப்போதும் நான் கேட்கவில்லை.

சித்திதான் குறுக்கே வந்தாள். "அவள அடிக்காதக்கா. கேக்கட்டும். ஏன்னு ஒரு வார்த்த கேக்காம எல்லாத்துக்கும் தலையாட்டினதாலதான் நான் இங்க வந்து உக்காந்திருக்கேன்."

அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம், ஜெயித்துவிட்டேனே! கல்லூரியில் பிரெஞ்சு வாத்தியாரிடம் சந்தேகம் கேட்காமல் விட்டுவிட்டாளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"இனிமேலாவது கேளு, சித்தி" என்றேன், பெரிய மனுஷி மாதிரி.