தண்ணீரில் போட்ட கறுப்பு வெள்ளைப் படம்

2008 மழைக்காலம். அப்போது ஹைதராபாத் சைனிக்புரியில் குடியிருந்தோம். எனக்கு ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. சனி, ஞாயிறு வந்தால் பிரிண்டரோடு உட்கார்ந்து கறுப்பு வெள்ளைப் படங்கள் அச்சிடுவேன். பொழுதுபோக்கு என்று பெயர்தான், அதில் எனக்கு ஒரு வெறியே உண்டு.

சாதாரண பிரிண்டரில் கறுப்பு வெள்ளைப் படம் போட்டால் முகம் லேசாகப் பச்சையடிக்கும், சீக்கிரமே வெளிறிவிடும். அதனால் கறுப்பிலும் சாம்பலிலுமே பல சாயல்கள் கொண்ட, தண்ணீரில் கரையாத மை வாங்கினேன். காகிதம் பருத்தியில் செய்தது. விற்றவர் சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை. அச்சிட்ட துண்டு ஒன்றைக் கோடை முழுக்க மாடி வெயிலில் போட்டேன், இன்னொன்றை வாளியில் ஊறவைத்தேன். "ஆபீஸ்ல டெஸ்ட் பண்றது போதாதா?" என்று என் கணவர் சிரிப்பார்.

எதிர் வீட்டு ஆன்ட்டி தனியாக இருந்தார். ராணுவத்தில் இருந்த அவர் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அங்கிளின் படங்கள் எல்லாம் சீருடையில் விறைப்பாக நிற்பவை. வாய்விட்டுச் சிரிக்கிற படம் ஒன்றே ஒன்று, ஏதோ கல்யாணப் பந்தியில் எடுத்த கலர் படம். அதை ஸ்கேன் செய்து, கறுப்பு வெள்ளையாக்கி, கண்ணோரச் சுருக்கம்கூடத் தெரியும்படி பெரிதாக அச்சிட்டுக் கொடுத்திருந்தேன். கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தார்.

ஒரு நாள் விடிய விடியப் பெய்த மழையில் அவர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, மாட்டியிருந்த சட்டமும் ஆணி பெயர்ந்து அதில் விழுந்துவிட்டது. காலையில் அதை மார்போடு அணைத்தபடி எங்கள் வாசலில் நின்றார். கண்ணாடிக்குள் சேற்றுத் தண்ணீர். ஆல்பத்தில் இருந்த கலர் படம் பக்கத்தோடு ஒட்டி, பிரித்தபோது முகமே உரிந்துவிட்டதாம்.

"இன்னொண்ணு போட்டுக் குடு பேட்டா" என்றார் இந்தியில்.

எப்படிப் போடுவது? என் ஹார்ட் டிஸ்க் போன மாதமே பழுதாகி, அந்த ஸ்கேனும் போய்விட்டது. அங்கிள் சிரிக்கிற படம் என்று இனி இருந்தது அந்தச் சட்டத்துக்குள் மட்டும்தான்.

ஃபேனுக்குக் கீழே வைத்துக் காயவைக்கலாமா என்று கேட்டார். காய்ந்தால் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரிக்கவே முடியாது. நான் துணி ஊறவைக்கும் டப்பில் நல்ல தண்ணீர் நிரப்பி, சட்டத்தைக் கழற்றி, படத்தைக் கண்ணாடியோடு சேர்த்து அமிழ்த்தப் போனேன்.

"நக்கோ! நக்கோ!" வேண்டாம் வேண்டாமென்று ஆன்ட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த மை கரையாது ஆன்ட்டி. என்னை நம்புங்க."

மையைப் பற்றி எனக்குத் துளியும் சந்தேகமில்லை. கண்ணாடியில் எங்காவது ஏற்கெனவே ஒட்டியிருக்குமோ என்பதுதான் பயம். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு பிடியை விட்டார்.

தண்ணீரில் சேறு மட்டும் பிரிந்தது. கறுப்பு ஒரு பொட்டுக்கூட இறங்கவில்லை. தண்ணீரை மாற்றிவிட்டுக் காத்திருந்தோம். மெல்ல ஒரு மூலை எழும்பியது, நான் இழுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் படம் தானாகவே கண்ணாடியிலிருந்து வழுக்கி வந்து மிதந்தது. தண்ணீருக்குள்ளிருந்து அங்கிள் அதே சிரிப்போடு எங்களைப் பார்த்தார். ஆன்ட்டி அழுதுகொண்டே, "பாரு, நனைஞ்சும் சிரிக்கிறார்!" என்றார்.

துண்டின் மேல் விரித்துக் காயவைத்தோம். ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை நின்றுவிட்டது. வெட்டிவிடட்டுமா என்றதற்கு, வேண்டாம், அதுவும் இருக்கட்டும் என்றுவிட்டார்.

அதற்கப்புறம் எத்தனையோ படங்கள் அச்சிட்டுவிட்டேன், பாராட்டும் கிடைத்திருக்கிறது. ஆனாலும் ஒருவர் தன்னிடம் மிஞ்சியிருந்த ஒரே சிரிப்பை என் கையில் விட்டபோது, அதை நடுங்காமல் வாங்கிக்கொள்ளும் அளவுக்கு என் வேலை எனக்குத் தெரிந்திருந்ததே, அந்த நிம்மதிக்கு ஈடாக வேறெதுவும் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.