ஐயாவு விட்ட தண்ணி

என் வீட்டுக்காரர் ஐயாவு, அசாம் ஜாவா தோட்டப் பக்கம் செம்பனைப் பழ லோரி ஓட்டி ஓட்டியே காதைக் கெடுத்துக்கொண்டவர். கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டார். காதில் விழுந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தானே பேசி முடித்துவிடுவார். இந்த மனிதரைக் கட்டி மேய்ப்பதற்குள் என் உயிர் போய்விடும்.

குடலிறக்கத்துக்கு ஆப்பரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பார்களாம். அன்று காலை தாதி விஷாலினி வந்து கேட்டாள்.

“அங்கிள், ரத்தத்தைத் தண்ணியாக்குற மருந்தை விட்டுட்டீங்களா?”

“தண்ணியா? சாமி சத்தியமா விட்டுட்டேன்மா! அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்கிறதில்ல லா!”

மருந்தைத்தான் சொல்கிறார் என்று அவள் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள். பீர் கடை வாசலில் இவரைத் தேடிப் போய் நின்றவள் நான். சத்தியம் வேறு செய்கிறாரே என்று பெருமையாய்த் தலையாட்டினேன்.

நல்லவேளை, மயக்க மருந்து கொடுக்கும் மலாய் டாக்டரம்மா ஆப்பரேஷன் அறை வாசலில் கட்டிலை நிறுத்தி மறுபடியும் விசாரித்தார். அதை விஷாலினி தமிழில் உரக்கக் கேட்டாள். “இன்னிக்குக் காலையில என்ன மாத்திரை முழுங்கினீங்க?”

“ஒண்ணும் இல்லம்மா. நெஞ்சு மாத்திரை மட்டுந்தான்.”

டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. அந்த நெஞ்சு மாத்திரைதான் ரத்தம் உறையாமல் வைக்கும் மருந்து! போன வாரமே நிறுத்தச் சொல்லியிருந்தார்களாம். இவர் “ஓகே ஓகே” என்று வந்திருக்கிறார். அதைச் சாப்பிட்டவருக்கு முதுகில் ஊசி போட்டால், உள்ளே ரத்தம் கசிந்து கட்டி, தண்டுவடத்தை அழுத்தி, இரண்டு காலும் விளங்காமலே போகலாமாம். ஆப்பரேஷனைத் தள்ளிவைத்தார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! “காது கேக்கலன்னா இன்னொரு தடவ கேளுங்களேன். வாயில இருக்கிற முத்தா கொட்டிடும்?”

இவருக்கு வேர்த்து வழிந்தது. “வேற எதையும் மறைக்காதீங்க அங்கிள்,” என்றாள் விஷாலினி. இவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார்.

“போன வாரம்... முருகையா வீட்டுல... ஒரே ஒரு பீர்.”

அடப்பாவி மனுஷா! அந்தச் சத்தியமும் போச்சு.

கார் வரைக்கும் போகச் சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள். “வேணாம்மா. ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு, நடந்தே வரட்டும்,” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அவருடைய செருப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அதைக் கேட்கக் கேட்க எனக்கு அழுகையாக வந்தது.