பலகையில் மிஞ்சிய தகடு

மகளை அந்த நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கூட்டிப் போகலாமா என்று கணவர் கேட்கிறார். வேண்டாம் என்றால் பயந்தாங்கொள்ளி ஆவேன். சரி என்றால், அந்த வாசலில் நின்று அவளுக்கு என்ன சொல்வேன்?

எனக்கு எட்டு வயதில், நாங்கள் குடியேறியிருந்த பென்டில் ஹில்லிலிருந்து அங்கே போனோம். மலைக்கும் கடலுக்கும் நடுவே சின்ன ஊர். சுரங்கம் மூடி வெகுகாலம். முன்பு அதில் கரி வெட்டிய கிழவர் ஒருவர் வருகிறவர்களை உள்ளே அழைத்துப் போய்க் காட்டுவார். வாசலில் ஆணி அடித்த பலகை இருந்தது. உள்ளே போகிறவர் ஆளுக்கொரு பித்தளைத் தகட்டை அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் கழற்ற வேண்டும். ஒரு தகடு மிஞ்சினாலும், தேடாமல் எவரும் வீட்டுக்குப் போனதில்லை என்று கிழவர் சொன்னதை அப்பா தமிழில் சொன்னார். அம்மா அதைத் திரும்பவும் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

நாங்கள் வெளியே வந்தபோது ஒரு தகடு மிஞ்சியது.

கிழவரின் முகம் மாறியது. எங்களை எண்ணினார், எல்லோரும் இருந்தோம். ஆனாலும் பின்னால் யாராவது நுழைந்திருக்கலாம் என்று தொப்பி விளக்கைப் போட்டுக்கொண்டு, கூப்பிட்டபடியே இருட்டுக்குள் போனார். உள்ளே ஒரு பிள்ளை விழுந்து கிடக்கிறது என்றே நான் நம்பினேன். அழுகை வந்துவிட்டது.

அம்மா மட்டும் அசையவில்லை. அப்பா அவரைப் பார்த்தார்.

“நீரே அந்தத் தகட்டைப் போட்டனீர்?”

“ஓம்.”

“ஆருக்கு?”

“அண்ணாவுக்கு.”

“உமக்கென்ன விசரே? வயசு போன மனுசன், உள்ளுக்கு விழுந்து கிழுந்து போனால்? போய்ச் சொல்லும்.”

“சொல்லுறன். கொஞ்சம் தேடட்டும்.”

அம்மாவின் அண்ணா, என் மாமா, எங்கள் ஹோலில் மாலை போடாமல் தொங்கும் படத்தில் மட்டும் நான் கண்டவர். நாங்கள் விட்டுவந்த ஊரில் ஆமிக்காரர் ட்ரக்கில் ஏற்றிப் போனவர் திரும்பி வரவில்லை. அவர் இந்தச் சுரங்கத்துக்குள் எப்படி இருப்பார்? அம்மா ஒரு கிழவரை ஏமாற்றிவிட்டார், எல்லோர் முன்னாலும் ஏச்சு விழப்போகிறது என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அம்மா வாசலில் காதைக் கொடுத்து நின்றார். உள்ளே அந்தக் குரல் தூரமாகிக்கொண்டே போனது. பொறுக்க முடியாமல் அப்பாதான் ஓடிப்போய் அவரைத் திரும்பக் கூப்பிட்டார்.

அதற்கு முன் மாமாவுக்காக அம்மா கேட்டுப் போன எந்த அதிகாரியும் கதிரையை விட்டு எழும்பியதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.