ரத்தத்தில் வளராத கிருமி

அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் என் கணவரைச் சேர்த்திருந்தோம். விடாத காய்ச்சல். இதய வால்வில் கிருமி தொற்றியிருக்கிறது என்றார்கள். எந்தக் கிருமி என்றுதான் தெரியவில்லை. ரத்தத்தை எடுத்து அதிலுள்ள கிருமியை எத்தனை முறை வளர்த்துப் பார்த்தும் ஒன்றும் வளரவில்லை. மருந்தை மாற்றி மாற்றி ஏற்றியும் அவர் மெலிந்துகொண்டே போனார்.

அப்போதுதான் ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா வார்டுக்கே வந்தார். குள்ளமான உருவம், நரைத்த கிராப்பு. நாம் சொல்லும் பதிலைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போவார்.

"பூனை வளர்க்கறீங்களா?"

"இல்லை."

"ஆடு, மாடு?"

"மயிலாப்பூர் ஃபிளாட்ல ஏது மாடு?" என்றேன் எரிச்சலோடு.

கட்டிலிலிருந்து கணவர் முனகினார். "கோசாலைக்குப் போவேன். ஒரு பசு கன்னு போட முடியாம தவிச்சுண்டிருந்தது. நான்தான் கன்னைப் பிடிச்சு இழுத்தேன்."

எனக்கே அது புதுச் செய்தி.

"பிடிச்சு இழுத்தீங்க," என்று முணுமுணுத்தார் டாக்டரம்மா. "கன்னோட வர்ற ஈரத்துலேர்ந்து ஒரு கிருமி வரும். ஆய்வுக்கூடத்துல சாதாரணமா வளராது. வேற டெஸ்ட்ல தேடணும்."

தேடினார். அதுவேதான். மாதக்கணக்கில் சாப்பிட வேண்டிய மாத்திரைகளைத் தொடங்கினார்கள், காய்ச்சல் இறங்கியது.

வீடு திரும்பும் அன்று நன்றி சொல்லக் கை கூப்பினேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"கன்னை இழுக்கும்போது கூட யாரெல்லாம் இருந்தாங்க? அவங்களுக்கும் தொத்தியிருக்கலாம்."

"பேரெல்லாம் தெரியலையே டாக்டர்," என்றார் கணவர்.

கைப்பையை எடுத்துக்கொண்டு கோசாலைக்கு வழி கேட்டார். என் கணவர் பிழைத்ததில் அவருக்குச் சந்தோஷம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.